மழை நாளில் நின்றுபோகும் மெஷின்

போன வருஷம் ஐப்பசி மழை விடாமல் பிடித்துக்கொண்ட சமயம். ஒரகடம் பக்கத்தில், பெரிய கார் கம்பெனிகளுக்கு இரும்புச் சாமான் செய்து அனுப்புகிற ஒரு சின்னக் கம்பெனியில் தரை துடைக்கிற வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போதும் அங்கேதான் பார்க்கிறேன். அன்றைக்கு ஒரு மனுஷன் இல்லையென்றால் இதைச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன்.

வீட்டுக்காரர் தவறிய பிறகு பிள்ளைப்பாக்கத்தில் ஒற்றை அறையில் இருக்கிறேன். எனக்கு அதிகம் பேச வராது. யாராவது நாலு பேர் நின்றுகொண்டிருந்தால் சுவரோரமாகவே போய்விடுவேன். கம்பெனியிலும் அப்படித்தான். எல்லோரும் என்னை ஆயா என்பார்கள். வாளியும் மாப்புமாக நான் வருவது போவது யாருக்கும் தெரியாது. தெரியாமல் இருப்பதே எனக்கு நிம்மதி. இந்த வயதில் காண்டிராக்டர் என்னை வைத்திருப்பதே பெரிய விஷயம். ஒரு புகார் போனால் போதும், நாளைக்கு வேற ஆள் வந்துவிடும். அதற்கப்புறம் இந்த முட்டியை வைத்துக்கொண்டு எந்தக் கம்பெனி வாசலில் போய் நிற்பது?

எங்கள் கம்பெனியில் ஒரு கழுவுற மெஷின் உண்டு. ஒரு ஷேர் ஆட்டோ அளவு இருக்கும். செய்து முடித்த சாமான்களில் இருக்கிற எண்ணெயையும் இரும்புத் தூளையும் சோப்பு கலந்த வெந்நீர் போட்டுக் கழுவித் தள்ளும். எந்நேரமும் ஆவி, எந்நேரமும் அதைச் சுற்றி ஈரம். அந்த ஈரத்தைத் துடைப்பதுதான் என் முக்கியமான வேலை.

மழை ஆரம்பித்ததும் அந்த மெஷின் நிற்க ஆரம்பித்தது. காலையில் போடுவார்கள். கொஞ்ச நேரத்தில் சுவரில் இருக்கிற பெட்டியில் டக்கென்று ஒரு சத்தம் வரும், எல்லாம் அணைந்துவிடும். மறுபடி போட்டால் மறுபடி டக். மெஷினில் எங்காவது கரண்டு கசிந்தால் அந்தப் பெட்டி தானாக நிறுத்திவிடுமாம். ஈ.எல்.சி.பி. என்று அதற்குப் பெயர். எல்லோரும் 'ட்ரிப் ஆயிடுச்சு' என்பார்கள். அந்த வார்த்தையைக் கேட்டாலே நான் வாளியை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விடுவேன்.

ஏனென்றால் அது நிற்கிற நாளெல்லாம் நான் அதிகம் துடைக்கிற நாளாக இருந்தது. மழை பெய்தால் வேலைக்கு வருகிற பிள்ளைகள் ஷூவில் சேற்றோடு உள்ளே வருவார்கள். சேறு இருந்தால் தண்ணீர் ஊற்றித்தானே துடைக்க வேண்டும்? வெயில் அடித்தால் சேறு இல்லை, நான் துடைப்பதும் குறைவு, மெஷினும் நன்றாக ஓடும். இதை முதலில் கவனித்தவர் சூப்பர்வைசர். உள்ளூர்க்காரர், வாய் கொஞ்சம் நீளம்.

"இன்னா ஆயா, நீ தொடச்சா மட்டும் இன்னாத்துக்கு நிக்கிது அது? உள்ள தண்ணிய வுட்டுட்டியா?"

இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன். வாய் திறந்து சொல்லியிருக்கலாம். எனக்கே அப்போது சந்தேகம். ஒருவேளை மாப்பைப் பிழியும்போது ஒரு துளி உள்ளே தெறித்திருக்குமோ?

அவருக்கு என் மேல் மட்டும் சந்தேகம் இல்லை. பக்கத்துக் கம்பெனிக்காரன் கண் வைத்துவிட்டான் என்றும் சொல்லிக்கொண்டிருந்தார். ஆயுத பூஜை அன்றைக்கு மெஷினுக்கு மேலே ஒரு திருஷ்டி மூட்டை கட்டியிருந்தார். கறுப்புத் துணியில் கல்லுப்பும் படிகாரமும் வைத்து, மிளகாய் எலுமிச்சம்பழம் கோத்துக் கட்டுவார்களே, அதுதான். அது போதவில்லை என்று ஒரு வெள்ளிக்கிழமை இன்னும் பெரிதாக ஒன்று கொண்டுவந்து பக்கத்திலேயே கட்டினார். மழைக் குளிருக்கு உப்பு கசிந்து துணி ஈரமாகிக் கிடந்தது. அதைப் பார்த்தால் அவருக்கு ஒரே சந்தோஷம். கழுவுற மெஷின் ஓட்டுகிற தம்பியிடம், "பாத்தியா, எப்டி தண்ணி வுடுது பாரு. திருஷ்டி எறங்குதுடா" என்றார்.

அந்தத் தம்பி கையெடுத்துக் கும்பிட்டான். நான் மாதா கோயிலுக்குப் போகிறவள். ஆனாலும் அதைக் கடக்கும்போது நானும் கொஞ்சம் ஒதுங்கித்தான் போவேன். எதற்கு வம்பு?

அப்புறம் ஒரு எலக்ட்ரீசியன் வந்தார். எங்கள் கம்பெனி ஆள் இல்லை. இருங்காட்டுக்கோட்டையில் அறை எடுத்துத் தங்கி, கூப்பிட்ட கம்பெனிக்கெல்லாம் பைக்கில் போய் வேலை பார்க்கிறவர். திருநெல்வேலிப் பக்கம். முப்பத்தைந்து வயது இருக்கும். சிரிக்காத முகம். வந்த அன்றே தண்ணீர் சூடாக்குகிற கம்பியைச் சந்தேகப்பட்டு மாற்றினார். மறுநாள் வெயில், மெஷின் ஓடியது. எல்லோரும் தட்டிக்கொடுத்தார்கள். அதற்கு மறுநாள் மழை. டக்.

அன்றையிலிருந்து அவர் பார்வை என் பக்கம் திரும்பியது.

முதலில் சும்மா நின்று பார்த்தார். நான் வாளியை எங்கே வைக்கிறேன், எந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பிக்கிறேன் என்று கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் பக்கத்தில் வந்தார்.

"ஆச்சி, செருப்பு போட மாட்டியளா?"

வழுக்கும் என்றேன்.

"குனியும்போது எதப் புடிச்சுக்கிடுவிய?"

இது என்ன கேள்வி? எனக்கு முட்டி மடங்காது. மெஷினுக்கு அடியில் துடைக்க வேண்டுமானால் அதன் இரும்புக் காலை ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான் குனிய முடியும். அதைச் சொன்னால் மெஷினைத் தொடுகிறேன் என்று ஆகிவிடும். அதனால் எதையும் பிடிக்க மாட்டேன் என்றேன். அவர் என் கையையும் மெஷின் காலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனார். நான் பிடித்ததைப் பார்த்துவிட்டுத்தான் கேட்டிருக்கிறார் என்று அப்போதே புரிந்துவிட்டது.

அன்று மதியம் இன்னொன்று நடந்தது. நான் குனிந்து துடைத்துக்கொண்டிருக்கும்போது அவர் தூணுக்குப் பின்னாலிருந்து போனில் படம் எடுத்தார். நான் நிமிர்ந்ததும் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அவ்வளவுதான், முடிவு கட்டிவிட்டேன். கம்பியை மாற்றியும் சரியாகவில்லை, அவர் பெயர் கெட்டுவிட்டது, பழியை என் தலையில் போட்டுவிட்டுப் போகப் பார்க்கிறார். படத்தைக் காட்டி, பாருங்கள் சார், இந்தக் கிழவிதான் தண்ணீரை ஊற்றுகிறாள் என்பார். பேசத் தெரியாதவள் என்று பார்த்துத்தானே என்னைப் பிடித்திருக்கிறார்? சிங்கப்பெருமாள் கோவிலில் இருக்கிற என் தங்கைக்குப் போன் பண்ணி, வேலை போய்விடும் போலிருக்கிறது என்று அழுதேன். அவள் என்ன செய்வாள், பாவம். ஜெபம் பண்ணிக்கொள் என்றாள்.

மறுநாள் காலையில் கொட்டுகிற மழை. சாமான் ஏற்ற லாரி வாசலில் வந்து நிற்கிறது. மெஷினைப் போட்டார்கள், டக். மறுபடி போட்டார்கள், மறுபடி டக். கார் கம்பெனியிலிருந்து சூப்பர்வைசருக்குப் போன் வந்துகொண்டே இருந்தது. எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டார்.

"யோவ், அந்தப் பொட்டிய கழட்டி வுட்டு டைரக்ட்டா குடுய்யா. லோடு போவட்டும், அப்பால பாத்துக்கலாம்."

நான் மாப்போடு தூணோரம் நின்றுகொண்டிருந்தேன். என்னை அவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. எலக்ட்ரீசியன் நிதானமாகத்தான் பேசினார்.

"அது பெரிய வேல இல்ல சார். ஆனா குடுக்க மாட்டேன். அந்த ஆச்சி வெறுங்காலோட ஈரத்துல நிக்காவ. குனியும்போது அந்த இரும்பத்தான் புடிக்காவ. பெட்டி நிறுத்தலன்னா அவியதான் விழுவாவ."

"அப்போ ஆயாவ வூட்டுக்கு அனுப்பிட்டு குடு. அது ஊத்துற தண்ணிதான இவ்ளோ ரோதனை."

"அவிய போனா வேற ஒருத்தவிய வருவாவ. அவியளும் தொடைக்கத்தான செய்யணும்?"

"இன்னாய்யா, உனுக்கு சொந்தமா அது?"

"சொந்தமா இருந்தாத்தான் சொல்லணுமாக்கும்? மத்தியானம் வரைக்கும் டைம் குடுங்க. ஆச்சி இன்னிக்கு தொடைக்க வேண்டாம். ஒரு சொட்டுத் தண்ணி தரையில படக்கூடாது. அப்பவும் நின்னா, தண்ணி மேல தப்பில்லன்னு ஆயிரும்லா."

இதையெல்லாம் கேட்டு எனக்கு மனசு குளிர்ந்திருக்க வேண்டும். குளிரவில்லை. எனக்காக ஒருவர் பேசி எனக்குப் பழக்கம் கிடையாது. அதனால் இதற்குள் வேறு ஏதோ இருக்கிறது என்றுதான் தோன்றியது. நான் துடைக்காத அன்றைக்கு மெஷின் ஓடிவிட்டால் என் கதை முடிந்தது. அதற்குத்தான் இந்த ஏற்பாடோ? ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டு, இங்கேயே உட்காருங்கள் என்றார். எல்லோரும் பார்க்கிற மாதிரி நடுவில் உட்கார வைத்ததும் நான் குன்றிப்போய்விட்டேன். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு மாதாவைக் கூப்பிட்டேன். நின்றுபோகட்டும் தாயே, இன்றைக்கு மட்டும் அந்த மெஷின் நின்றுபோகட்டும் என்று வேண்டினேன். கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு அப்படி வேண்டியவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மெஷினைப் போட்டார். சத்தம் ஏறியது. ஆவி வந்தது. ஓடிக்கொண்டே இருந்தது. சூப்பர்வைசர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் இருக்கிறது.

அப்புறம், டக்.

மெஷின் ஓட்டுகிற தம்பி மெதுவாக, "ஆயா இங்கதான் சார் குந்திகினுகீது" என்றான். சூப்பர்வைசர் போனை எடுத்துக்கொண்டு லாரிக்காரனைச் சமாதானம் பண்ண வெளியே போனார்.

எலக்ட்ரீசியன் அதற்கப்புறம் என் பக்கம் பார்க்கவே இல்லை. ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தார். முதலில் மோட்டாருக்குப் போகிற ஒயரை எடுத்துவிட்டுப் போட்டார். டக். சூடாக்குகிற கம்பியை எடுத்துவிட்டுப் போட்டார். டக். பம்பை எடுத்தார். டக். கடைசியில் மெஷினுக்குள் எதுவுமே சேராமல் எல்லாவற்றையும் கழற்றிவிட்டார். அப்போதும் டக். தம்பிக்குப் பயம் வந்துவிட்டது. மெஷினே இல்லாமல் எதுண்ணே நிறுத்துது, செய்வினைதாண்ணே இது என்றான்.

எலக்ட்ரீசியன் சுவர்ப் பெட்டியிலிருந்து ஒயர் வருகிற வழியைக் கண்ணாலேயே பிடித்துக்கொண்டு போனார். ஒயர் ஒரு பைப்புக்குள் மேலே ஏறி, கூரைக்குக் கீழே வந்து, மெஷினுக்கு நேர் மேலே ஒரு சின்ன இரும்புப் பெட்டிக்குள் இறங்குகிறது. அங்கேதான் ஒயர்களைச் சேர்த்து முடுக்கியிருப்பார்களாம். அந்தப் பைப்பில்தான் திருஷ்டி மூட்டை இரண்டும் தொங்கிக்கொண்டிருந்தன.

துணி கறுப்பாக நனைந்து மினுமினு என்று இருந்தது. அதிலிருந்து உப்புத் தண்ணீர் பைப்பில் வழிந்து, நேராகப் பெட்டியின் தலைக்கு வந்து இறங்கிக்கொண்டிருந்தது. கீழேயிருந்து ஆவி வேறு போய் அதை நனைத்துக்கொண்டே இருந்தது. அங்கே அப்படி வழிவது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அதைப் பார்த்துச் சந்தோஷமும் பட்டோம். ஆனால் திருஷ்டி மூட்டையை யார் உற்றுப் பார்ப்பார்கள்? அதைத் தொடவே கூடாது, அவிழ்க்கிறவர் மேலேயே ஏறிக்கொள்ளும் என்பார்கள். அதனால்தான் அந்த எலக்ட்ரீசியன்கூட இத்தனை நாள் கீழேயிருக்கிற எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்தாரே தவிர, அந்தப் பெட்டியை மட்டும் விட்டு வைத்திருந்தார்.

இப்போதும் ஏணியைப் போட்டுவிட்டு ஏறாமல் நின்றார்.

"இத யாரு அவுப்பா?" என்றார்.

"நம்மளால ஆவாதுண்ணே," என்று தம்பி பின்னால் போனான். "ஆயாவ அவுக்கச் சொல்லுங்க. அவங்க மாதா கோயிலாண்ட போறவங்க, அவங்களுக்கு ஒட்டாது."

ஒட்டாது என்று இவனுக்கு யார் சொன்னார்கள்? ஆனாலும் ஸ்டூலைவிட்டு எழுந்துவிட்டேன்.

"முட்டிய வச்சுக்கிட்டு ஏணியில ஏறப் போறியளா? இரிங்க" என்றார் அவர். சுவர்ப் பெட்டியை அணைத்து, மெயின் சுவிட்சையும் அணைத்து, அதில் ஒரு பூட்டையும் போட்டுச் சாவியைத் தன் பையில் வைத்துக்கொண்டார். "நான் அறுக்கேன். நீங்க கீழ வாளியப் புடிங்க. நமக்கு ரெண்டு பேருக்கும் பாதிப் பாதி ஒட்டட்டும்."

அவர் சொன்ன ஒரே வேடிக்கைப் பேச்சு அதுதான். சொல்லும்போதும் சிரிக்கவில்லை. ஏணியில் ஏறி, சட்டைக்குள் போட்டிருந்த முருகர் டாலரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கட்டரால் நறுக்கினார். இரண்டு மூட்டையும் என் வாளியில் தொப்பென்று விழுந்தன. வாளி கனத்துக் கீழே போனது. நானும் மாதாவே என்றேன்.

பெட்டியின் மூடியைக் கழற்றியதும் அவர் கீழே இறங்கிவந்து, எங்களை ஒவ்வொருவராக ஏறிப் பார்க்கச் சொன்னார். எனக்கு மட்டும் போனில் படம் எடுத்துக் காட்டினார். உள்ளே தண்ணீர் தேங்கி, உப்புப் பூத்து, செம்புக் கம்பிகள் எல்லாம் பச்சைப் பச்சையாகக் கிடந்தன. ஊறுகாய் ஜாடியில் ஸ்பூனைப் போட்டு மறந்துவிட்டால் ஆகுமே, அப்படி. வெயில் நாளில் உப்பு காய்ந்துவிடும், மெஷின் ஓடும். மழை நாளில் உப்பு தண்ணீர் விடும், கரண்டு ஒழுகும், சுவர்ப் பெட்டி நிறுத்திவிடும். நிற்க நிற்க, சூப்பர்வைசர் இன்னும் உப்பைக் கட்டினார்.

சூப்பர்வைசர் உள்ளே வந்து பார்த்தார். மூட்டையை அறுத்ததற்கு முதலில் கத்தினார். பெட்டியைப் பார்த்ததும் கத்தல் நின்றது. தலையைச் சொறிந்துகொண்டார்.

"அப்போ திருஷ்டி நெஜமாவே உள்ள பூந்துகினுதான்யா இருந்துகீது" என்றார்.

யாருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவருக்கே வந்துவிட்டது. பெட்டியைக் கழுவித் துடைத்து, ஒயர் முடுக்குகிற கட்டைகளைப் புதிதாகப் போட்டு, மேலே தண்ணீர் இறங்காதபடி அடைத்து, சாயங்காலத்துக்குள் மெஷின் ஓடியது. வெளியே மழை கொட்டிக்கொண்டுதான் இருந்தது. லாரி போனது. புது மூட்டை ஒன்று வெளி கேட்டில் தொங்குகிறது. அதையும் சொல்ல வேண்டும் அல்லவா. என்னிடம் சூப்பர்வைசர் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. மறுநாள், "ஆயா, நல்லா தாராளமா ஊத்தித் தொடை" என்றார். அவருக்கு அதுதான் மன்னிப்பு.

எலக்ட்ரீசியன் சாமான்களைப் பையில் அடுக்கிக்கொண்டிருக்கும்போது நான் டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். கொடுத்துவிட்டு நின்றேன். கேட்காமல் என்னால் போக முடியவில்லை.

"என்னை எதுக்குப்பா போட்டோ பிடிச்சே?"

அவர் டீயை ஊதிக்கொண்டே போனை எடுத்துக் காட்டினார். நான் வெறுங்காலோடு ஈரத்தில், மெஷின் காலைப் பிடித்துக்கொண்டு குனிந்திருக்கிறேன். அந்தப் படத்தைக் கம்பெனி மேனேஜருக்கு அனுப்பியிருந்தார். கீழே என்ன எழுதியிருந்தது என்று எழுத்துக் கூட்டிப் படித்தேன். இந்தம்மாவுக்கு உடனே ரப்பர் பூட்ஸ் கொடுக்க வேண்டும், அதுவரை இந்த மெஷின் பக்கத்தில் விட வேண்டாம் என்று இருந்தது. வேறு ஒன்றும் இல்லை.

"இந்த இரும்புக்கு எர்த் கம்பி ஒண்ணு உண்டு ஆச்சி. கரண்ட தரையில இறக்கி விடுதது அதுதான். அத இன்னிக்குத்தான் பாத்தேன், துருப்பிடிச்சு ஒரு நரம்புலதான் தொங்குது. சுவர்ப் பெட்டியும் இல்லாம ஓட்டியிருந்தா..." என்று சொல்லிவிட்டு என் கையைப் பார்த்தார். டம்ளரைக் கழுவிக் கொடுத்துவிட்டு, மழைக் கோட்டை மாட்டிக்கொண்டு பைக்கில் போய்விட்டார். அதற்கப்புறம் அவர் எங்கள் கம்பெனிக்கு வரவில்லை.

பூட்ஸ் வந்தது. ஆம்பளை அளவு. முன்னால் துணியை அடைத்துக்கொண்டுதான் நடக்கிறேன். நடந்தால் டப்டப் என்று கேட்கிறது, நான் வருவது இப்போது எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது.

மெஷின் சரியான அன்று ராத்திரி ரொம்ப நேரம் என் வலது உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மெஷினின் கால் எத்தனை தடவை அதில் பட்டிருக்கும்? அந்த ஆள் என்னைக் கவிழ்க்கப் பார்க்கிறார் என்று நான் பயந்துகொண்டிருந்த நாளெல்லாம், அவர் இந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். என்னை ஒருவர் உற்றுப் பார்த்தால் அது குற்றம் பிடிக்கத்தான் என்று நினைத்தே வயதாகிவிட்டது. அந்தச் சந்தேகம் முழுதாகப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன், இன்றைக்கும் யாராவது பார்த்தால் முதலில் நெஞ்சு திக்கென்றுதான் ஆகிறது; ஆனால் இப்போதெல்லாம் சுவரோரமாக ஒதுங்காமல் நின்று, "என்னப்பா பார்க்கிறே?" என்று கேட்டுவிடுகிறேன்.